மதகைக் காட்டாத வழிகாட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் போரூர் ராமநாதீசுவரர் கோயில் பக்கம் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். நவகிரக வேன்கள். சூரியனுக்குக் கொளப்பாக்கம், சந்திரனுக்குச் சோமங்கலம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு, சனிக்குப் பொழிச்சலூர், ராகுவுக்குக் குன்றத்தூர், கேதுவுக்குக் கெருகம்பாக்கம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்களுக்குப் போக விடுமுறை கிடைக்காதவர்களுக்கு இது சென்னைப் பதிப்பு. வேனில் ஏறுகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம் ஒன்றுதான்: மத்தியானம் நடை சாத்துவதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை, மிச்சம் சாயங்காலம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, இவற்றை ஒட்டிய குன்றத்தூர், திருநின்றவூர் வட்டாரத்தில் பழங்கோயில் பார்க்க வழிகாட்டியோடு போவது என்றால் இன்று பெரும்பாலும் இந்த வேன்தான். இதற்குத் தங்கை முறையில் இன்னொன்று உண்டு. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் காலை, உச்சி, மாலை என்று தரிசிப்பது. அதற்கும் கார் பேசலாம். கூட வந்து விவரம் சொல்ல ஆள் வேண்டுமென்றாலும் கிடைப்பார். ஆடி மாதத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் இந்து சமய அறநிலையத் துறையும் சேர்ந்து அம்மன் கோயில் சுற்றுலா நடத்துகின்றன. திருவேற்காடு கருமாரியும் மாங்காடு காமாட்சியும் இல்லாமல் அந்தப் பட்டியல் நிறைவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர்களுக்கும், ஊர் பார்க்க வரும் அமெரிக்கப் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கிற சுற்றுலா வேறு. தனிக் கார், ஆங்கிலம் பேசும் கைடு, குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில். அந்தக் கார் காஞ்சிபுரம் போகிறது. போகும் வழியில் பூந்தமல்லியைத் தாண்டுகிறது, திருமழிசையைத் தாண்டுகிறது, செம்பரம்பாக்கம் ஏரிக்கு வெகு அருகே ஓடுகிறது. எங்கும் நிற்பதில்லை. ஆழ்வார் பிறந்த ஊர் ஒன்று, ராமானுசருக்கு வழி சொன்னவர் பிறந்த ஊர் ஒன்று, சென்னையின் தாகம் தீர்க்கும் ஏரி ஒன்று, மூன்றும் கார்க் கண்ணாடிக்கு வெளியே போய்விடுகின்றன. கைடைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் படித்தது மாமல்லபுரம், காஞ்சி கைலாசநாதர், தஞ்சைப் பெரிய கோயில். உரிமம் வாங்கும்போது அவரிடம் யாரும் சோமங்கலத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு வகைச் சுற்றுலாவும் விட்டுவிடுவது ஒன்றையே. இந்தப் பக்கத்துக் கோயில்களை ஏரியிலிருந்து பிரித்துப் பார்த்தால் பாதிதான் புரியும். கோயிலுக்கு நிலம், நிலத்துக்கு ஏரி, ஏரிக்குக் காவல் என்று கோயிலும் ஊர்ச் சபையும். இந்தச் சங்கிலிதான் தொண்டை மண்டலத்தின் அடிப்படை. காவிரி போல வருடத்தில் பல மாதம் ஓடும் ஆறு இங்கே இல்லை. கூவமும் கொசத்தலையும் அடையாறும் மழைக்காலத்தில் மட்டும் நினைவு வந்து ஓடுபவை. வடகிழக்குப் பருவமழையின் இரண்டு மாதத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மீதிப் பத்து மாதம் பிழைப்பு. அதற்காகத்தான் இத்தனை ஏரிகள். கோயில்களின் வயிற்றுப்பாடும் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ளச் சோமங்கலத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. குன்றத்தூரிலிருந்து தெற்கே, மணிமங்கலம் போகும் வழியில் இருக்கிறது. சோமநாதீசுவரர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் நேராகச் சந்திரனிடம் போய் வெள்ளை வஸ்திரம் சாத்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நிமிடம் கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால், விமானத்தின் முதுகு வளைந்திருப்பது தெரியும். படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற வளைவு. சிற்ப நூல்களில் கஜபிருஷ்டம், நம் வாய்மொழியில் தூங்கானை மாடம். தொண்டை மண்டலத்தில் இந்த வடிவத்தின்மீது தனி மோகம் இருந்திருக்கிறது. பாடி திருவலிதாயத்திலும் திருமுல்லைவாயிலிலும் அதைப் பார்க்கலாம். சோழ நாட்டில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே சாதாரணமாக நிற்கிறது. முன்பக்க வரிசையில் நின்று கும்பிட்டுத் திரும்புகிறவருக்கு இது கண்ணில் படவே படாது.

இன்னும் கீழே, அதிட்டானத்துப் பட்டைகளிலும் சுவரிலும் எழுத்துகள். இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தது ஒன்று உண்டு. அதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பெருமழை பெய்து ஊர் ஏரியின் கரை பல இடங்களில் உடைந்தது. ஒருவர் தம் பொருளைச் செலவழித்து அடைத்தார். பிறகு மறுபடியும் உடைந்தது. மறுபடியும் அடைத்தார். இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு புண்ணியவானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஊர்ச் சபையின் கையில் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து ஏரியைப் பராமரிக்க ஏற்பாடு செய்துவிட்டார். இந்தச் செய்தியைப் பொறிக்கக் கோயிலைவிட நம்பகமான இடம் ஊரில் வேறு இல்லை என்பதால் அது கோயில் கல்லில் ஏறியது. இன்றைய மொழியில் சொன்னால் பராமரிப்பு நிதி, மூலதனத்தைத் தொடாத அறக்கட்டளை. எண்ணூறு வருடத்துக்கு முந்தையது.

இந்தக் கல்லின் முன்னால் நின்று பேசத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால், அங்கிருந்து ஏரிக்கரைக்கு நடந்து போய் மதகைக் காட்டினால், அந்த ஒரு மணி நேரத்துக்கே வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கலாம். ஆனால் நவகிரகச் சுற்றில் சோமங்கலம் என்பது சந்திரன், திங்கட்கிழமை, மனக்குழப்பம் தீர்தல். அதோடு சரி.

பரிகாரத்துக்குப் போவதை நான் கேலி செய்யவில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் தட்டிப்போகிற வீட்டுக்காரருக்குத் தூங்கானை மாடம் பற்றி என்ன கவலை? அவர் வந்த காரியம் வேறு. ஆனால் வந்த இடத்தில் இருப்பதைச் சொல்லாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. கோவூரில் அதுதான் நடக்கிறது. அங்கே சுந்தரேசுவரர் மீது தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். கோவூர் பஞ்சரத்தினம் என்று சங்கீத வித்துவான்கள் இன்றைக்கும் மேடையில் பாடுகிறார்கள். கோவூர் சுந்தரேச முதலியார் அழைத்து, திருவையாற்றுக்காரர் இவ்வளவு தூரம் வந்தார். வேனில் வருகிறவர்களில் கீர்த்தனை தெரிந்தவர்கள்கூட இருப்பார்கள், இந்தக் கோயில்தான் அந்தக் கோவூர் என்று தெரியாமலே புதனுக்குப் பச்சைப் பயறு நிவேதனம் செய்துவிட்டுப் போகிறார்கள்.

வழிகாட்டியோடு இந்தப் பக்கம் சுற்றியவர்களில் பழைய ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஃபிரான்சிஸ் புக்கானன். 1799-இல் திப்பு விழுந்த பிறகு, புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்து எழுத கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர். 1800 ஏப்ரலில் மதராஸிலிருந்து மேற்கே கிளம்பினார்; மைசூர் போகிற வழியில் குன்றத்தூர், செம்பரம்பாக்கம். கோயிலைப் பற்றி அவர் அங்கே அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஏரியைத்தான் பார்த்தார். வங்காளத்துக் குளம்போலத் தோண்டியது அல்ல இது, இரண்டு இயற்கை மேடுகளுக்கு நடுவிலிருந்த வாயைக் கரை போட்டு அடைத்தது என்று சரியாகக் கவனித்தார். நீர்ப்பரப்பு ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம் என்றும், மழை பொய்த்தாலும் முப்பத்திரண்டு கிராமங்களின் நிலத்துக்குப் பதினெட்டு மாதம் தண்ணீர் கொடுக்கும் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக்கொண்டார். மதகு எப்படி வேலை செய்கிறது, மிகை நீர் கலங்கல் வழியாக எப்படி வெளியேறுகிறது என்பதையும் விடவில்லை. 1807-இல் அவருடைய பயணநூல் லண்டனில் அச்சானது.

புக்கானனுக்கு இவற்றைச் சொன்னவர்கள் யார்? ஊர்க்காரர்கள். கணக்குப்பிள்ளையும் நீர்க்கட்டியும் சொல்லாமல் முப்பத்திரண்டு கிராமக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஊருக்கு ஊர் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி, எந்த மடையை எப்போது எவ்வளவு தூக்க வேண்டும் என்று அறிந்தவர். அவர்தான் இந்த மண்ணின் உண்மையான கைடு. எந்தப் பயிற்சி வகுப்பும் அவரை உருவாக்கவில்லை. இன்றைக்கு அவருக்கு வேலையும் இல்லை. அந்த முப்பத்திரண்டு கிராமத்து நஞ்சைகள் வீட்டு மனைகளாகவும் தொழிற்சாலைக் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன. செம்பரம்பாக்கத்தின் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு இப்போது சென்னையின் குழாய்களுக்கு. கரையருகில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் திறன் கொண்டது. 2015 டிசம்பர் 1 இரவு இந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோதுதான் சென்னைக்காரர்களில் பலர் செம்பரம்பாக்கம் என்ற பெயரையே முதல்முறையாக உச்சரித்தார்கள். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. நான்கு வருட இடைவெளியில் ஒரே ஏரியின் இரண்டு முகங்கள். சுற்றுலாவில் கதை சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்கு என்று ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும் ஏரித் தொடர் இது. மேல் ஏரியின் மிகை நீர் கீழ் ஏரியின் வரத்து. தாத்தா காலத்தில் இந்த ஏற்பாட்டால் ஒரு சொட்டு வீணாகாமல் இருந்தது. இப்போது அதே ஏற்பாட்டால் ஒரு பகுதியின் சாக்கடை அடுத்த பகுதிக்குத் தவறாமல் போய்ச் சேர்கிறது. கொரட்டூர் ஏரிக்காக அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை 1961-இல் வந்தது. வேலை வந்தது, வீடு வந்தது, ஆயக்கட்டு போனது. ஏரிக்கரையில் இன்னமும் மதகு இருக்கும். திறந்தால் பாய்வதற்கு வயல் இருக்காது. கரையோரத்துக் கன்னியம்மனுக்கும் கங்கையம்மனுக்கும் மட்டும் ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுவது நிற்கவில்லை.

ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019-இல் பசுமைப் பூங்கா ஆக்கினார்கள். நடைபாதை, படகு, பறவை பார்க்க வசதி. சாயங்காலம் குடும்பத்தோடு போக நல்ல இடம். முன்பிருந்த நாற்றத்தை நினைத்தால் பெரிய காரியம். எனக்கு ஒரே ஒரு குறை. இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த வயலுக்குப் போனது, மிகை நீர் எந்த வழியாகக் கூவத்தில் சேர்கிறது என்று குழந்தைகளுக்குப் புரியும்படி ஒரு படம் பெரிதாகப் போட்டிருக்கலாம். ஏரி என்பது வெறும் நீர்ப்பரப்பு என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் படகிலிருந்து இறங்குகின்றன.

இனி திருமுல்லைவாயிலுக்கு வருவோம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் இந்த மாசிலாமணீசுவரர் கோயில் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். வழிகாட்டிகளுக்குப் பிடித்தமான இடம், ஏனென்றால் காட்டவும் சொல்லவும் நிறைய இருக்கிறது. புழல் கோட்டையில் இருந்த குறும்பரோடு போரிட வந்த தொண்டைமான், யானையின் காலில் முல்லைக்கொடி சிக்க, வாளால் வெட்டினான். கொடிக்குக் கீழிருந்த லிங்கத்தில் வாள் பட்டு ரத்தம் வந்தது. அந்தக் காயம் ஆறத்தான் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் அது களையப்படும். நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி இருப்பது, தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியதால். குறும்பரை வென்ற அடையாளமாகக் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் சன்னதி முன்னால் நிற்கின்றன. எருக்கு இவ்வளவு பருமனாக வளருமா என்று கேட்காத பிள்ளை இல்லை. அதற்குத் திருப்தியான பதில் சொன்ன பெரியவரும் இல்லை.

கதை அழகானது. நல்ல வழிகாட்டி இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லிவிட்டு இன்னொரு படி போகலாம். வேட்டையும் ஆடுமாடும் வாழ்க்கையாகக் கொண்ட குறும்பர்களை வென்று, காட்டைத் திருத்தி, ஏரி வெட்டி, வேளாண் குடிகளைக் குடியேற்றிய நெடுங்கால நிகழ்ச்சியின் நிழல்தான் இந்தத் தலபுராணம் என்று படிக்க இடமிருக்கிறது. காலின் மெக்கன்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டிய சுவடிகளிலும் குறும்பர் கதைகள் இடம்பெற்றிருக்கின்றன. இந்தப் பகுதியின் பழைய நாட்டுப் பிரிவின் பெயர் புழற்கோட்டம். தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்று. கதையில் வரும் புழல் இன்று சென்னையின் இன்னொரு குடிநீர் ஏரி. கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவியின் கொடை இங்கும் எட்டியிருக்கிறது. தஞ்சையின் அரசி அம்பத்தூர்ப் பக்கத்துக் கோயிலுக்கு ஏன் கொடுத்தாள் என்ற கேள்வியைக் கேட்டு விட்டுவிட்டாலே போதும், கேட்பவர் வீட்டுக்குப் போய்த் தேடுவார்.

இதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே திருநின்றவூர். ரயிலையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது இந்தத் தடத்தில்தான். இன்று வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருநின்றவூர் என்று மின்சார ரயில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஏரிக்கும் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. மாமல்லபுரத்துக்குக் கூட இந்த வசதி கிடையாது. ஆனாலும் தனிச் சுற்றுலா நடத்துகிறவர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் காரை ஓட்டிக்கொண்டு போவார்கள். ரயிலில் போனால் கட்டணம் எப்படி வாங்குவது என்ற தயக்கம் போலிருக்கிறது.

திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள், தாயாரின் பெயர் என்னைப் பெற்ற தாயார். திருமங்கையாழ்வார் இந்த ஊரைத் தாண்டிப் பாடாமல் போய்விட, தாயார் பெருமாளை விரட்டி விட்டுப் பாட்டு வாங்கி வரச் சொன்னதாகக் கதை. அந்த ஊரிலேயே இருதயாலீசுவரர் கோயில். பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பெரிய கற்கோயில் எழுப்பியிருந்த பல்லவ அரசன் கனவில் சிவன் தோன்றி, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்றார். பெரிய புராணத்தில் இருப்பது இது. அந்தப் புராணத்தைப் பாடிய சேக்கிழார் பிறந்ததும் இந்த வட்டாரத்துக் குன்றத்தூரில்தான். அவர் எழுப்பிய திருநாகேசுவரம் அங்கே இருக்கிறது, வேன்காரர்களுக்கு அது ராகு தலம். இருதயாலீசுவரரை இப்போது இதய நோயாளிகளுக்கான தலமாக விளம்பரப்படுத்துகிறார்கள். வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறவர், ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டியவரிடம் இது போதும் என்கிற தொனியில் பேசினால் அது குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

திருநின்றவூர் ஏரிக்கரையில் ஏரி காத்த ராமர் கோயிலும் உண்டு. மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் எல்லாருக்கும் தெரியும். செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசுக்கு 1798-இல் கரை உடையாமல் ராமலட்சுமணர் காவல் நின்ற காட்சி கிடைத்தது என்ற கதையும் தெரியும். ஏரியின் காவலுக்குக் கரைமேலேயே தெய்வத்தை நிறுத்தி வைக்கும் இந்த வழக்கம் இங்கேயும் இருந்தது என்பதைக் காட்ட இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். இதைப் பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்புகிற கார்களே அதிகம்.

திருவேற்காட்டையும் பூந்தமல்லியையும் விரைவாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை ஏற்கெனவே கூட்டம் தாங்காத ஊர்கள். திருவேற்காட்டில் கருமாரியம்மனிடம் நிற்கும் வரிசையில் பத்தில் ஒரு பங்குகூட வேதபுரீசுவரர் கோயிலுக்கு வருவதில்லை. சம்பந்தர் பாடிய தலம் அது, சூதாடிச் சம்பாதித்து அடியாருக்கு அமுது படைத்த மூர்க்க நாயனாரின் ஊர். பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பி பிறந்தார். அங்கிருந்து காஞ்சி வரதருக்குப் பூ எடுத்துப்போய் ஆலவட்டம் வீசினார். அந்தணர் அல்லாத அவரைக் குருவாக நினைத்து ராமானுசர் நின்றதை இந்த ஊரில் வைத்துச் சொல்ல வேண்டும். பூந்தமல்லியில் கோல்கொண்டா ஆட்சிக்காலத்து, பதினேழாம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் ஒன்றும் இருக்கிறது. பழங்கோயில் சுற்றுலா என்ற தலைப்புக்குள் அது வராதாம். வந்தால் என்ன கெட்டுப்போகும்?

இனி நடைமுறைக்கு வருவோம். கோயிலுக்குள் யார் வழிகாட்டி? நம் கோயில்களில் குருக்களும் பட்டரும்தான் பல காலமாகக் கதை சொல்லிகள். அவர்களுக்குத் தலபுராணம் மனப்பாடம். கல்வெட்டு அவர்கள் வேலை அல்ல. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் தனி உலகம். சென்னையில் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஆர்வலர்களைச் சேர்த்து இடங்களுக்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகின்றன. ஆனால் அது பெரும்பாலும் பல்லவர், சோழர் பெருங்கோயில்களைத் தேடித்தான் போகிறது. பக்கத்து வீட்டு ஊரைப் பார்க்க யாரும் பஸ் ஏறுவதில்லை.

விதிகளும் உண்டு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதித்தது. 2024 ஜனவரியில் பழனி வழக்கில், இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்ற பலகையை வைக்கச் சொன்னது. வெளிநாட்டு விருந்தினரை அழைத்துப்போகும் வழிகாட்டி இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசலில் வைத்துச் சொன்னால் முகம் சுருங்கும். ஆனால் இது பெரிய இழப்பு என்று நினைக்க வேண்டாம். விமானத்தின் முதுகு, சுற்று மதில், குளம், ஏரிக்கரை, மதகு, கலங்கல் என்று இந்தக் கட்டுரை பேசிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பகுதி வெளியில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நான்கு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். இந்த இடைவெளிதான் சுற்றுலா நடத்துகிறவர்களின் தலைவலி. பவன் ஓட்டல் ஒன்றில் சாப்பிட வைத்து, ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஓட்டிவிடுகிறார்கள். ஏரிக்கு நேரம் இல்லை என்கிறவர்கள் இந்த நான்கு மணி நேரத்தை எங்கே தொலைக்கிறார்கள்? சித்திரை வெயிலில் யாரையும் கரையில் நடக்கச் சொல்ல முடியாது, உண்மைதான். மார்கழி, தையில் நடக்கலாம். மழை முடிந்து ஏரி நிரம்பியிருக்கும், கலங்கலில் தண்ணீர் வழியும், நாரையும் கொக்கும் இருக்கும். குடிநீர் ஏரிகளின் கரையில் ஏற அனுமதி வேண்டும். சின்ன ஏரிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இலங்கையில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். குளம், வயல், தாதுகோபுரம் மூன்றும் சேர்ந்ததுதான் ஊர் என்ற பார்வை அங்கே வழிகாட்டிகளின் வாயிலேயே இருக்கிறது. அனுராதபுரத்தில் தூபியைக் காட்டுகிறவர் திஸ்ஸ வாவியையும் காட்டாமல் விடமாட்டார். அபரணைக்குப் பக்கத்தில் ஹிரிவடுன்ன என்ற ஊரில் மாட்டுவண்டி, குளத்தில் படகு, இலையில் சாப்பாடு என்று கிராமச் சுற்றுலா பெரிய தொழில். தொடர் குளங்களைக் கொண்ட அவர்களுடைய வேளாண் முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அங்கேயும் கிராமம் என்பது கொஞ்சம் நாடகமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. காலை பத்து மணிக்கு ஒரு குழுவுக்கும் பதினொரு மணிக்கு இன்னொரு குழுவுக்கும் அதே பாட்டியம்மா அதே தேங்காயைத் துருவிக் காட்டினால் அப்படித்தான் ஆகும். ஆனால் பணம் ஊருக்குள் வருகிறது. நம் நவகிரக வேனின் வாடகை வேன்காரருக்கு, அர்ச்சனைச் சீட்டு துறைக்கு, சாப்பாட்டுக் காசு நெடுஞ்சாலை ஓட்டலுக்கு. சோமங்கலத்தில் ஒரு டீக்காசு தங்குவதில்லை.

ஆகவே தனிச் சுற்றுலா வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. இன்னும் அதிகமாக, இன்னும் சின்னதாக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது கோயில் என்பது பார்வை ஆகாது. இரண்டு கோயில், ஓர் ஏரி போதும். திருமுல்லைவாயில், திருநின்றவூர் என்று ரயிலில் ஒரு நாள். குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம் என்று காரில் இன்னொரு நாள். மணிமங்கலத்தில் நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய களத்தையும் சேர்த்துச் சொல்லலாம். கூட வருகிறவர் ஒருவர் கல்வெட்டு தெரிந்தவராக இருக்கட்டும், ஏரிக்கரையில் பேசுகிறவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். மதகு தூக்கின கடைசித் தலைமுறை இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறது. அவர்கள் பேச்சுக்குக் கட்டணம் கொடுங்கள், பஞ்சாயத்து மூலமாகவே கொடுங்கள். பத்து வருடம் கழித்துக் கொடுக்க நினைத்தால் வாங்க ஆள் இருக்காது.

அறநிலையத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு பழங்கோயில் வாசலிலும், அந்தக் கோயிலின் கல்வெட்டு ஏரியைப் பற்றி என்ன சொல்கிறது, அந்த ஏரி இப்போது எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். இரண்டு துறைகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய பலகை. சோமங்கலத்தில் தொடங்குங்கள்.